வெள்ளிக்கிழமை மரக்கறி, ஐந்து பேருக்கு

ஒஸ்லோவில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் தற்செயலாகச் சந்திப்பது நடக்காத காரியம். நகரின் அம்மருட் பகுதியில் கோயிலுக்கு வந்த இடத்திலே சிறிதேவி, தங்கேஸ்வரியோடு வழமையைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சிரித்துக் கதைத்தால் போதும். அவள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னமே பக்கத்து ஸ்டோவ்னரில் யாரோ யாருக்கோ தொலைபேசி எடுத்து, "என்னவாம், தேவியின்ரை பெட்டைக்கு ஏதோ சரிவருகுதாமே?" என்று கேட்டிருப்பார்கள். ஆகவேதான் இரண்டு தாய்மாரும் அன்னதான மடத்திலே கத்தரிக்காய் வெட்டியபடி, தலையை நிமிர்த்தாமல், ஒரு திட்டம் போட்டார்கள். தற்செயலாகச் சந்திப்பதென்றால் அது கிரேக்க நாட்டில்தான் முடியும்.

சிறிதேவியின் மகள் சுஜானிக்கு இருபத்தைந்து வயது. பொறியியல் படித்து, ஒஸ்லோவில் நல்ல வேலையில் இருந்தாள். தங்கேஸ்வரியின் மகன் சேந்தனும் அதே படிப்புத்தான். இருவரும் படித்தது துரொண்ட்ஹெய்மில், ஏறக்குறைய ஒரே காலத்தில். "பெரிய யூனிவேர்சிட்டிதானே, ஒருத்தரை ஒருத்தர் கண்டிருக்க மாட்டினம்," என்று தாய்மார் தங்களுக்குள்ளே தீர்மானித்துக்கொண்டார்கள். லண்டனில் இருக்கும் சாத்திரியாரிடம் இரண்டு சாதகக் குறிப்பையும் அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு, இப்படியொரு பொருத்தத்தைத் தன் சீவியத்தில் கண்டதில்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றார். தாய்மாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. போன வருசம் கனடாவிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையை, 'மாமாவின் கூட்டாளியின் மகன், சும்மா வந்தவர்' என்று சொல்லிச் சிறிதேவி வீட்டுக்குள் கூட்டிவந்து இருத்திவிட்டாள். சுஜானி மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தாள், மரியாதையாகச் சிரித்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இன்னொருக்கா என்னை இப்பிடி ஆருக்கும் காட்டினியளெண்டால், நான் இந்த வீட்டுக்கு வரமாட்டன் அம்மா." சுஜானி சொன்னால் செய்பவள். சொன்னதற்காகப் பதினான்கு வயதில் இறைச்சியை விட்டவள், பிறகு சொன்னதற்காகவே திரும்பத் தொடங்கியவள். ஒற்றைப் பிள்ளை வீட்டுக்கு வராமல் விடுவதை நினைத்தாலே சிறிதேவிக்கு நித்திரை வராது. ஆனால் மகளுக்கு வயது ஏறுவதை நினைத்தாலும் அதே நித்திரைதான் போனது. அவள் என்ன செய்வாள் பாவம்!

நல்ல காலமாக அந்த வருசம் 2004. ஊரில் யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்திருந்ததால், கோடை விடுமுறைக்கு அம்மருட் அரைவாசி யாழ்ப்பாணத்துக்குப் பறந்துவிட்டது. கிரேக்கத்தின் கிறேற்றாத் தீவின் தென்கரையில் இருக்கும் ஒரு குட்டிக் கிராமத்திலே தமிழ்க் கண் ஒன்றுகூட இருக்காது. சிறிதேவி வேலைசெய்யும் சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் கூட வேலைசெய்யும் நோர்வேப் பெண்கள் வருசா வருசம் இப்படியான இடங்களுக்குப் போய், வறுத்த கச்சான்கொட்டை நிறத்தில் திரும்பி வருவார்கள். "நானும் அப்பாவும் ஒருநாளும் அப்பிடிப் போனதில்லையே பிள்ளை," என்று சிறிதேவி ஒருநாள் பெருமூச்சு விட்டாள். சுஜானிக்குக் கண் கலங்கிவிட்டது. தானே இணையத்தில் தேடி, தானே மூன்று பேருக்கும் பதிந்து, தாய்க்கு ஒரு வைக்கோல் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தொப்பியைக் கண்டதும் சிறிதேவிக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தங்கேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னாள்.

கணவர் சோதிலிங்கத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுரங்க ரயில் ஓட்டுபவர். அவரிடம் இரகசியம் சொல்வதும் ரயிலின் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்றுதான்.

கிராமம் என்னவோ சொர்க்கம்தான். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிய பேருந்து, இனிப் போக இடமில்லை என்பதுபோல் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. வெள்ளையடித்த பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், சவுக்கு மரம்போல இலை தொங்கும் மரங்கள், அவற்றின் நிழலில் படுத்திருக்கும் பூனைகள். கடலிலே அடியில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணலாம். சத்தமென்றால் மலையில் மேயும் ஆடுகளின் மணிச்சத்தம் மட்டும். சோதிலிங்கம் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை அதற்குள் செருகி, கரையில் ஒரு கல்லில் ஏறி நின்று, "தேவி, இஞ்சை ஒரு சிக்னலும் இல்லையப்பா!" என்று உலகத்துக்கே கேட்கக் கத்தினார். அவருடைய சந்தோசத்தைப் பார்த்துச் சுஜானி தாயின் கையைப் பிடித்தாள். "நல்ல காலம் வந்தனாங்கள், என்னம்மா?" என்றாள். சிறிதேவி தொப்பியைக் கீழே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் சந்திப்பதாக ஏற்பாடு. கடலைப் பார்த்தபடி இருந்த ஒரே சாப்பாட்டுக் கடைக்கு சிறிதேவி கணவரையும் மகளையும் நடத்திக்கொண்டு போனாள். ஒஸ்லோவில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய ஆச்சரியம்தான், ஆனாலும் பதற்றத்தில் கொஞ்சம் முந்திவிட்டது. தங்கேஸ்வரி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஐயோ! தங்கேசக்கா! நீங்களோ!"

"அடி தேவி! இதென்ன புதினம்!" என்று தங்கேஸ்வரி திரும்பினாள். அவள் கோயில் நாடகத்தில் வேடம் கட்டிய பெண்மணி, ஆகவே நன்றாகவே செய்தாள். "மகன்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். இவரின்ரை அப்பாவுக்கு டாக்சியிலை லீவு இல்லை."

சேந்தன் எழுந்தான். எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. சுஜானி அவனைப் பார்த்தாள். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ஹாய்," என்றாள்.

"ஹாய்," என்றான்.

தாய்மாரின் கண்கள் சந்தித்துக்கொண்டன. கதிரை விழுகிற அளவுக்குக் கூச்சம் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று சிறிதேவி நினைத்தாள்.

அப்போதுதான் கடைக்காரர் மனோலிஸ், கையிரண்டிலும் தட்டுகளோடு உள்ளேயிருந்து வந்தார். அவித்த அவரைக்காய், சோறு வைத்துச் சுற்றிய திராட்சை இலை, கத்தரிக்காய், தக்காளி. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, நெஞ்சில் கைவைத்து, பெருமையோடு ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா நேற்றுச் சொன்னபடியே வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. ஐந்து பேருக்கு. இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, சட்டிகூடப் புதுச் சட்டி.

ஐந்து பேருக்கான கதிரைகளும் கரண்டிகளும் அவர்கள் வருமுன்னமே வைக்கப்பட்டிருந்ததைச் சிறிதேவி அப்போதுதான் கண்டாள். முதல்நாளே சொல்லிவைத்த தங்கேஸ்வரியை அவள் குறைசொல்லவும் முடியாது. சம்பந்தம் பேசும் வெள்ளிக்கிழமையில் சம்பந்தி வீட்டுக்காரர் மச்சச் சட்டியில் சமைத்ததைச் சாப்பிட எந்தத் தமிழ்த் தாய்தான் விடுவாள்? அந்த அக்கறையில் தற்செயலை மறந்துபோனாள்.

"நேற்றே எங்களுக்கும் சேர்த்து ஆர் சொன்னது?" என்றார் சோதிலிங்கம். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவாயை அவர் ஏக்கத்தோடு பார்த்தார்.

"இஞ்சத்தை வழக்கமாக்கும்," என்றாள் தங்கேஸ்வரி.

"ஓமோம்," என்றாள் சுஜானி. "கிரேக்கத்திலையும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான் அப்பா. சாப்பிடுங்கோ." பிறகு அவரைக்காயைத் தன் தட்டுக்கு எடுத்துச் சாப்பிட்டாள். சிறிதேவி திராட்சை இலையைப் பிரித்துப் பிரித்து வைத்தாள். மகளுக்கு விளங்கிவிட்டதா இல்லையா? விளங்கியிருந்தால் ஏன் கத்தவில்லை?

மகள் கத்தவில்லை. அன்று பின்னேரம் சேந்தனோடு கடற்கரையின் தொங்கல் முனை வரைக்கும் நடந்து போனாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாள் இருவரும் பாறையில் உட்கார்ந்து நெடுநேரம் கதைத்தார்கள். சேந்தன் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளங்கப்படுத்தினான். தாய்மார் குடையின் கீழே கால்நீட்டியிருந்து, அதைச் சினிமா பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"கதைக்கட்டும், கதைக்கட்டும்," என்றாள் தங்கேஸ்வரி. "என்ரை பெடியன் ஒரு பெட்டையோடையும் முகம் பார்த்துக் கதையாதவன் தேவி. இப்ப பாரும்!"

சிறிதேவி மனதுக்குள் மண்டபமே பிடித்துவிட்டாள். மணவறைக்கு என்ன நிறப் பூ என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. எவ்வளவோ வருசத்துக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் நெஞ்சில் பாரமில்லாமல் மூச்சு விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சுஜானி வந்து, "அம்மா, வாங்கோ. மிதக்கப் பழக்கிறன்," என்றாள்.

"விசரே பிள்ளை உனக்கு? இந்த வயசிலை!"

"வாங்கோ."

சிறிதேவி சல்வாரோடு இறங்கினாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் மகள் அவளை மல்லாக்கச் சரித்து, முதுகின் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினாள். முதலில் கத்தினாள், பிறகு மகளின் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள், பிறகு ஒருவாறு கையையும் காலையும் விட்டாள். உடம்புக்குப் பாரமே இல்லை. வானத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சிறிதேவிக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். இஞ்சையெண்டால் நீங்கள் எழும்பி ஓடேலாது."

"என்ன பிள்ளை?"

"எனக்கு முதல் நாளே தெரியும், நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையெண்டு. அது இருக்கட்டும். சேந்தனும் நானும் துரொண்ட்ஹெய்மிலை ரெண்டு வருசம் சம்பூவராய் இருந்தனாங்கள்."

சம்பூவர் என்றால் கலியாணம் கட்டாமல் ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்பவர்கள். சிறிதேவியோடு வேலைசெய்யும் அரைவாசிப் பெண்களுக்கு வீட்டில் இருப்பது அப்படியொருவர்தான். அவரைப்பற்றி அவர்கள் சொல்லும்போதெல்லாம் சிறிதேவி தாராள மனதோடு தலையாட்டுவாள். இப்போது தலையாட்டவில்லை. தண்ணீருக்குள் தாழ்ந்துபோனாள்.

மகள் தூக்கி நிறுத்தி, முதுகில் தட்டினாள். சிறிதேவி குடித்த உப்புத்தண்ணீர் முழுவதையும் இருமித் துப்பினாள். ஓங்கி அறைவதற்குக் கை எழுந்தது. ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து எவ்வளவு வேகத்தில்தான் கை எழும்? மேலே வந்து சேருமுன்னம் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு அடிக்க மனம் வரவில்லை.

"நான் உன்னட்டை வந்து நிண்டனான்," என்றாள் சிறிதேவி. "மூண்டு தரம் வந்தனான். உன்ரை அறையிலை ஒரு ஆம்பிளையின்ரை செருப்புக்கூட இருக்கேல்லை."

"நீங்கள் வரேக்கை அவன் சாமானைக் கட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டை போயிடுவான். அவன்ரை அம்மா வந்தால் நான் போவன். பிறகு ஒருநாள் எனக்கு அலுத்துப்போச்சு. அந்த நத்தாருக்கு ரெண்டு பேரும் வீட்டிலை சொல்லுறதெண்டு முடிவெடுத்தம். நான் உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான் அம்மா. அவன் முதல்நாள் போன் பண்ணி, தன்னாலை அம்மாட்டைச் சொல்லேலாது, நீயும் சொல்லாதை எண்டவன். அதோடை முடிஞ்சுது."

சிறிதேவிக்கு ஒன்றரை வருசத்துக்கு முந்தின அந்தக் கிறிஸ்மஸ் விடுமுறை நினைவுக்கு வந்தது. மகள் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு விடுமுறை முழுக்கப் படுத்திருந்தாள். தடிமன் காய்ச்சல் என்று நினைத்துச் சிறிதேவி மல்லி அவித்துக் கொடுத்தாள். சோதனைக்குப் படித்துப் படித்து உடம்பைக் கெடுத்துவிட்டாய் என்று பேசியும் விட்டாள்.

"இப்ப அவன் என்ன சொல்லுறான்?"

"சந்தோசப்படுறான். ரெண்டு அம்மாவும் தாங்களாகவே ஓமெண்டிட்டினமாம். இனி ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லையாம். இந்தக் கடற்கரையிலைதான் முதன்முதல் கண்டனாங்களெண்டு விட்டால் எல்லாம் சரியாம்."

"நீ?"

சுஜானி தண்ணீரைக் கையால் அளைந்தாள். "எனக்கு இன்னும் அவனிலை விருப்பம் இருக்கம்மா. அதுதான் பிரச்சினை. ஆனால் இந்த ஒருக்காலாவது வாயைத் திறந்து அவன்ரை அம்மாவுக்குச் சொல்லட்டும். பிறகு பாப்பம் எண்டு சொன்னனான். நாளைக்குச் சாப்பாட்டு மேசையிலை சொல்லுறன் எண்டவன்."

சிறிதேவி அன்று முழுவதும் தலையிடி என்று அறைக்குள் கிடந்தாள். முதலில் கோபத்தில் வெந்தாள். தன்னை ஏமாற்றிப் பேய்க்காட்டிய மகளிலே கோபம், இப்படியொரு பெடியனைப் பெற்ற தங்கேஸ்வரியிலே கோபம், லண்டன் சாத்திரியாரில் கூடக் கோபம். கோபம் அடங்கிய பிறகு ஆசை எட்டிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே! பெட்டைக்கும் விருப்பம், பெடியனுக்கும் விருப்பம், பெடியனின் தாய் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நடந்தது ஒரு காகம் குருவிக்குத் தெரியாது. மானத்தை மூடிவைப்பது சிறிதேவிக்குப் புதுவேலையுமில்லை. மகளுக்கு நாலு புத்தி சொல்லி, "ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை," என்று தலையைத் தடவி வழிக்குக் கொண்டுவருவதும் கஷ்டமில்லை. அதைச் சொல்வதற்கென்று அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். கொடியில் நனைந்த உடுப்புகளைக் காயப்போட்டுக்கொண்டு சுஜானி தனியே நின்றாள். சாமான்களைக் கட்டிச் சிநேகிதி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் தன் பிள்ளையைச் சிறிதேவி நினைத்துப் பார்த்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், மற்றப் பக்கத்தில் நின்று உடுப்பை உதறிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மனோலிஸ் இந்தமுறை உண்மையிலேயே மீன் பொரித்திருந்தார். சோதிலிங்கம் மட்டும் உலகத்தை மறந்து முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். தங்கேஸ்வரி தொண்டையைக் கனைத்தாள்.

"இனி என்ன தேவி, மூடி மறைக்கிறது? பிள்ளையளுக்கும் பிடிச்சுப்போச்சுப் போலக் கிடக்கு. நல்ல இடத்திலை, நல்ல காத்திலை வைச்சு ஒரு ஓம் சொல்லிப்போட்டுப் போவமே?"

சுஜானி சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் மீனைப் பார்த்தான்.

சிறிதேவி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே கேட்டாள். "தம்பி, நீங்கள் அம்மாவுக்கு ஏதோ சொல்லோணும் எண்டு நினைக்கிறன். சொல்லுங்கோ. நாங்கள் ஒருத்தரும் கடிக்க மாட்டம்."

அவளுடைய குரலிலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்த மனிசிக்கு எல்லாம் தெரியுமென்று. ஒரு கணம் வாயைத் திறந்தான். சிறிதேவி, சொல்லு மோனை, சொல்லு என்று உள்ளுக்குள் மன்றாடினாள். அவனுக்காகவே மன்றாடினாள்.

"சொல்லுறதுக்கு என்ன இருக்கு?" என்றான் சேந்தன். "இஞ்சை வந்துதான் பழகினனாங்கள். எனக்கு விருப்பம்."

தங்கேஸ்வரிக்கு வாயெல்லாம் பல். சுஜானி முள்ளுக்கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். அழவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை.

"அப்ப இது சரிவராது அக்கா," என்றாள் சிறிதேவி.

"என்ன?"

"சரிவராது. எங்களுக்கு விருப்பமில்லை."

"எது சரிவராது?" என்று சோதிலிங்கம் நிமிர்ந்தார். "அப்ப இது பொம்பிளை பாக்கிறதோ?"

தங்கேஸ்வரியின் முகம் கறுத்துப்போயிற்று. "என்ரை பிள்ளையிலை என்ன குறை கண்டனீர்? ஒரு பெட்டையை ஏறெடுத்துப் பாராத பிள்ளை. உம்மடை மகள்தான் ஆரையும் வைச்சிருக்கிறாவோ, என்னவோ!"

சிறிதேவியின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஒரேயொரு வசனம் போதும், தங்கேஸ்வரி கதிரையோடு சாய்ந்துவிடுவாள். சேந்தன் வெளிறிப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறிதேவி அதை விழுங்கினாள். அது அவளுடைய வசனம் இல்லை.

"குறை ஒண்டும் இல்லை அக்கா. வேண்டாம், அவ்வளவுதான்."

"பொருத்தம் பாத்து, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து! ஒஸ்லோவிலை நான் என்னெண்டு சொல்லுறது?"

"சிறிதேவிக்கு மண்டைக்கனம் எண்டு சொல்லுங்கோ. நாலு சனம் ஏற்கெனவே அப்பிடித்தான் சொல்லுது."

தங்கேஸ்வரி மகனையும் இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். சேந்தன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், ஆனால் நடந்துகொண்டேதான் பார்த்தான். ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் திரும்பி வருவார்கள், கதை ஸ்டோவ்னரைத் தாண்டிப் போகும், இனி யார் தன் மகளைக் கேட்டு வருவார்களோ என்பதெல்லாம் சிறிதேவிக்குத் தெரிந்தே இருந்தது. சோதிலிங்கம் ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்க் கோப்பையை அவளுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார். அதற்காக அவரை அவளுக்கு நிறையப் பிடித்தது.

பின்னேரம், படகுகள் கட்டும் சீமெந்துத் திட்டில் சிறிதேவி தனியே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுஜானி வந்து பக்கத்தில் அமர்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"நீங்கள் அன்ரிக்குச் சொல்லியிருக்கலாம்."

"அது உன்ரை கதை. நானேன் சொல்லுறன்?"

"இனி உங்களைப் பற்றித்தான் கதைப்பினம்."

"கதைக்கட்டும். எனக்கு அது பழக்கம்." சிறிதேவி மகளின் பக்கம் திரும்பினாள். "அந்த நத்தாருக்கு நீ அழேக்கை ஆர் உனக்குப் பக்கத்திலை இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

"நான் அடுத்த அறையிலைதானே பிள்ளை இருந்தனான்."

சுஜானி காலால் தண்ணீரை அளைந்தாள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்தில் நின்ற தாயிடம் சொல்ல முடியாதென்று மகள் நினைத்ததில் பிழை இல்லை. அப்போது சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும் என்பது சிறிதேவிக்கே தெரியும். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

"எப்பிடிப் பழக்கம்?" என்று கேட்டாள். "முதலிலையிருந்து சொல்லு."

"கோவிப்பியள்."

"கோவிப்பன்தான். நடுவிலை எழும்பிப் போனாலும் போவன். போனால் திரும்பி வருவன். நீ சொல்லு."

சுஜானி சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அழுகைதான் வந்தது, ஒன்றரை வருசத்து அழுகை. சிறிதேவி அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மகள் மூக்கைத் துடைத்துவிட்டு, துரொண்ட்ஹெய்மில் ஒரு மழைநாளிலே, பேருந்துத் தரிப்பிடத்தில், என்று சொல்லத் தொடங்கினாள்.